தீவனத்தில் ஆன்டிபயாடிக்கை நிறுத்திய பிறகு

"ஆன்டிபயாடிக் போடாம கோழி வளர்க்கிறீங்களா? அப்ப அதுக்குப் பதிலா என்ன போடறீங்க?" கறிக்கோழி வளர்ப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். புரோபயாடிக், அதாவது குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள பாக்டீரியா, என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். சொன்னால் பாக்கெட்டின் பெயரைக் குறித்துக்கொண்டு போய்விடுவார்கள். இரண்டு பேட்ச் கழித்து, "உங்க பேச்சைக் கேட்டு நஷ்டம்தான் மிச்சம்" என்று போன் வரும். அதனால் இப்போதெல்லாம் பாக்கெட்டின் பெயரைக் கடைசியில்தான் சொல்கிறேன். முதலில் தண்ணீர்க் குழாயை எப்போது கழுவினீர்கள் என்று கேட்கிறேன்.

ஒன்றை முதலிலேயே பிரித்துச் சொல்லிவிடுகிறேன். நோய் வந்தால் டாக்டர் எழுதித் தரும் மருந்தை நான் நிறுத்தவில்லை. குஞ்சு இறங்கிய நாள் முதல் ஒவ்வொரு மூட்டைத் தீவனத்திலும் சிறிய அளவில் கலந்து வந்த வளர்ச்சி ஊக்கி ஆன்டிபயாடிக்கைத்தான் நிறுத்தினேன். நோயே இல்லாத கோழிக்கு, தினமும், சிகிச்சைக்குத் தேவையான அளவைவிடக் குறைவாகக் கொடுப்பது அது. கிருமிகள் மருந்துக்குப் பழகிக்கொள்ள இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

இந்தப் பழக்கம் தொடங்கிய விதமே விசித்திரமானது. 1940களின் கடைசியில் அமெரிக்காவில் பி12 வைட்டமினுக்கு மலிவான வழி தேடிக்கொண்டிருந்தார்கள். ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தயாரித்தபின் மிஞ்சிய நொதித்த கழிவைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அதிலிருந்த பி12க்குக் கணக்குப் போட்டதைவிட அவை வேகமாக வளர்ந்தன. கழிவில் தங்கியிருந்த ஆன்டிபயாடிக்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அங்கிருந்து அது தீவன மூட்டைக்குள் வந்துவிட்டது. பின்னால் செய்த சோதனைகளில் இன்னொன்றும் தெரிந்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த குஞ்சுகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் வளர்ச்சி கூடவில்லை. அதாவது மருந்து கோழியை வளர்க்கவில்லை. குடலில் இருந்த கிருமிகளையும் அவை கிளப்பிவிடும் அழற்சியையும் அடக்கி வைத்தது, மிச்சமான சத்து எடையாக மாறியது. சுத்தமான புது ஷெட்டில் அதன் பலன் குறைவாகவும், பல பேட்ச் பார்த்த பழைய ஷெட்டில் அதிகமாகவும் தெரிவது இதனால்தான்.

எனக்கு இந்தத் தகவல்தான் எல்லாவற்றுக்கும் திறவுகோல். மருந்தை நிறுத்தினால் முதலில் வெளியே வருவது, அதுவரை அது மறைத்து வைத்திருந்த ஷெட்டின் நிலைமை.

தடைகள் வந்த வரலாறு தெரிந்ததுதான். ஸ்வீடன் 1986இலேயே வளர்ச்சி ஊக்கி ஆன்டிபயாடிக்குகளை நிறுத்தியது. அவோபார்சின் என்ற மருந்தை டென்மார்க் 1995இல் தடை செய்தது. மருத்துவமனைகளில் கடைசி ஆயுதமாக வைத்திருந்த வான்கோமைசினுக்கு அது நெருங்கிய சொந்தம். ஒன்றுக்குப் பழகிய கிருமி மற்றதற்கும் அசையாது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதை முழுவதுமாக நிறுத்தியது. இந்தியா 2019இல் உணவுக்கான விலங்குகளில் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தடை செய்தது.

டென்மார்க்கின் கறிக்கோழிப் பண்ணையாளர்கள் 1998இல் தாங்களாகவே நிறுத்தினார்கள். அங்கே எஃப்.சி.ஆர், அதாவது ஒரு கிலோ எடைக்குச் செலவாகும் தீவனம், ஏறியது இரண்டாவது தசம இடத்தில்தான். இறப்பும் கூடவில்லை. மருந்து விற்பவர்கள் சொன்ன பேரழிவு எதுவும் நடக்கவில்லை. ஆனால் அந்தச் செய்தியின் மறுபாதியை யாரும் சொல்வதில்லை. ரத்தக்கழிச்சல் தடுப்புக்காகத் தீவனத்தில் கலக்கும் சாலினோமைசின் அங்கே கூடுதலாகப் பயன்பட்டது. அது ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் காக்சிடியா என்ற ஒட்டுண்ணியை மட்டுமின்றி, குடலைக் கெடுக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியாவையும் அடக்கும். ஆகவே "டென்மார்க்கில் எல்லாம் சும்மாவே வளர்க்கிறார்கள்" என்று யாராவது சொன்னால் பாதியை மட்டும் நம்புங்கள்.

என் ஷெட்டுகளில் ஊக்கி இல்லாத தீவனத்தை இறக்கிய முதல் பேட்ச்சில் இரண்டாவது வாரம் வரை வித்தியாசமே தெரியவில்லை. மூன்றாவது வாரம் தாண்டியதும் ஷெட்டுக்குள் நுழையும்போதே வாசம் மாறியிருந்தது. தரையில் விரித்திருக்கும் கூளத்தில் ஈரம் ஏறியது. எச்சத்தில் செரிக்காத தீவனத் துணுக்குகள் அப்படியே கிடந்தன. சில இடங்களில் ஆரஞ்சு நிறச் சளி. கோழி ஒரு நாளில் சில முறை தனியாகப் போடுகிற, பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பான சீக (குருட்டுக்குடல்) எச்சம் இருக்கிறதே, அது நுரைத்துக்கொண்டு வந்தது. ஆனால் சாவு கூடவில்லை. தீவனமும் தின்கின்றன, தண்ணீரும் குடிக்கின்றன, எடை மட்டும் ஒரே சீராக ஏறவில்லை. சாவு கூடினால் உடனே பதறி எதையாவது செய்வோம். இது சத்தமில்லாமல் தீவனத்தைத் தின்றுவிடும் நஷ்டம்.

டாக்டரை அழைத்தேன். செத்த கோழிகளை எடுத்து வைத்திருந்தேன். அவர் அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஓடியாடிக்கொண்டிருந்த சிலவற்றைப் பிடிக்கச் சொன்னார். "செத்ததை வெட்டினா அந்தக் கோழியோட கதைதாங்க தெரியும். நல்லா இருக்கிறதை வெட்டுங்க, ஷெட்டோட கதை தெரியும்" என்றார். வெட்டியதும் பார்த்தது இன்றும் நினைவிருக்கிறது. சிறுகுடலின் சுவர் மெலிந்து, வாயு நிரம்பி உப்பியிருந்தது. உள்ளே செரித்த கூழ் இல்லை, தண்ணீராக ஓடியது. நடுக்குடலின் வெளிப்பக்கம் சிவப்புப் புள்ளிகள். ஒன்றிரண்டு கோழிகளில் உள்சுவர் சொரசொரத்து, மஞ்சள் படலம் ஒட்டியிருந்தது.

அவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன், ஏனென்றால் புரோபயாடிக் எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது என்பது இதில்தான் இருக்கிறது. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ் என்ற பாக்டீரியா நல்ல கோழியின் குடலிலும் கொஞ்சம் இருக்கும். இருப்பதால் மட்டும் நோய் வராது. அதற்குப் பல அமினோ அமிலங்களைத் தானே தயாரித்துக்கொள்ளத் தெரியாது. பெருக வேண்டுமானால் யாராவது புரதம் பரிமாற வேண்டும். காக்சிடியா, குறிப்பாக ஐமேரியா மேக்ஸிமா, குடல் சுவரைக் கீறும்போது ரத்தத்தின் புரதமும் சளியும் குடலுக்குள் கசிகின்றன. செரிக்காமல் கீழே இறங்கும் தீவனப் புரதமும் சேர்ந்துகொள்கிறது. விருந்து தயார். சாதகமான சூழலில் அது சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். அதன் சில வகைகள் நெட்பி என்ற நச்சை வெளியிட்டுக் குடல் சுவரையே அழுகச் செய்கின்றன. முற்றினால் திடீர்ச் சாவு; முற்றாவிட்டால் என் ஷெட்டில் நடந்த மாதிரி எடை குறைவு. பெரும்பாலும் இரண்டாவது வாரத்துக்கும் ஐந்தாவது வாரத்துக்கும் நடுவில்தான் வரும்.

அந்தப் பேட்ச்சை டாக்டர் சொன்ன சிகிச்சையோடு முடித்துவிட்டு, அடுத்ததற்குப் புரோபயாடிக் தேடத் தொடங்கினேன். தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு குடும்பங்கள். ஒன்று லாக்டோபேசில்லஸ், பீடியோகாக்கஸ், என்டிரோகாக்கஸ் போன்ற லாக்டிக் அமில பாக்டீரியா. மற்றது பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் போன்ற வித்து உண்டாக்கும் வகை. ஈஸ்ட்டும் உண்டு, அதைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொல்ல என் ஷெட்டில் எனக்கு எதுவும் தெரியவரவில்லை.

லாக்டிக் வகை கோழிக்குச் சொந்தக்காரன் மாதிரி; கோழியின் இரைப்பையிலும் (கழுத்தடியில் தீவனம் தங்கும் பை) சிறுகுடலிலும் இயல்பாகவே அதிகம் இருப்பது லாக்டோபேசில்லஸ்தான். அமிலம் சுரந்து குடலின் காரத்தன்மையைக் குறைக்கும், ஈ.கோலி, சால்மோனெல்லா போன்றவற்றுக்கு அது ஒத்துவராது. அது விட்ட லாக்டிக் அமிலத்தைச் சீகத்தில் இருக்கும் வேறு பாக்டீரியாக்கள் தின்று பியூட்டிரேட்டாக மாற்றுகின்றன. குடல் சுவரின் செல்கள் எரிபொருளாக எடுத்துக்கொள்வது அதைத்தான். குறை என்னவென்றால், இந்த வகை வெப்பம் தாங்காது. தீவனத்தை 80 டிகிரி பக்கம் சூடாக்கிக் குருணையாக அழுத்தும்போது பெரும்பகுதி செத்துவிடும். பூச்சு போட்டுப் பாதுகாத்தவை உண்டு, இல்லையென்றால் தண்ணீரில்தான் கொடுக்க வேண்டும்.

பேசில்லஸ் வித்து அந்தச் சூட்டைத் தாங்கும், மாதக்கணக்கில் மூட்டையில் கிடக்கும். குடலுக்குள் போய் முளைத்ததும் அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்து லாக்டிக் வகைக்கு வழிவிடும். சில வகைகள் கிளாஸ்ட்ரிடியத்தைக் கொல்லும் பொருட்களையும் செரிமான நொதிகளையும் சுரக்கும். ஆனால் அது குடலில் குடியேறாது. தீவனம் கோழிக்குள் நுழைந்து வெளியே வர சில மணி நேரம்தான். பேசில்லஸும் அதோடு கடந்து போய்விடும். அதனால் "வாரத்துக்கு ஒரு நாள் போட்டால் போதும்" என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள். தீவனத்தில் தினமும் இருந்தால்தான் அதற்கு அர்த்தம்.

நான் வந்து சேர்ந்த ஏற்பாடு இது: முதல் சில நாட்கள் தண்ணீரில் லாக்டிக் வகை, முதல் நாளிலிருந்து கடைசி வரை தீவனத்தில் பேசில்லஸ். இதைச் சொன்னதும் பாக்கெட் வாங்கப் போய்விடாதீர்கள், தண்ணீர் விஷயம் இன்னும் பாக்கி இருக்கிறது.

நான் பார்க்கப்போன ஒரு பண்ணையில் காலையில் வேலையாள் வந்து, "அண்ணே, புரோபயாடிக் கலந்தாச்சு" என்றார். தொட்டியில் எட்டிப் பார்த்தால் குளோரின் மாத்திரை இன்னும் கரைந்து முடியவில்லை. குளோரினின் வேலையே பாக்டீரியாவைக் கொல்வது. நல்லது கெட்டது அதற்குத் தெரியாது. நல்ல பொருளை வாங்கி, அதைத் தொட்டியிலேயே சாகடித்து, "புரோபயாடிக்கெல்லாம் சும்மா" என்று முடிவுக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். அதற்காகக் குளோரினை நிறுத்தச் சொல்லவில்லை. கோழி கொத்திக் குடிக்கும் குழாய் முனைகளில், அதாவது நிப்பிள்களில், கடைசி நிப்பிளில் 2 முதல் 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 முதல் 5 பங்கு) குளோரின் இருப்பது கோழிக்கு நல்லதுதான். புரோபயாடிக் கொடுக்கும் நேரத்துக்கு மட்டும் அது விலகி நிற்க வேண்டும்.

நான் தனியாக ஒரு சிறிய தொட்டி வைத்திருக்கிறேன். அதில் குளோரின் கலக்காத தண்ணீர். கலந்திருந்தால் சோடியம் தயோசல்ஃபேட் போட்டு முறிக்கிறேன். சோதனைப் பட்டையை நனைத்து, குளோரின் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் பாக்கெட்டைப் பிரிக்கிறேன். கோழிகள் மூன்று நான்கு மணி நேரத்தில் குடித்து முடிக்கிற அளவு மட்டும் கலக்கிறேன். விளக்கு எரிந்து, கோழிகள் தாகத்தோடு ஓடி வரும் காலை நேரம் இதற்குச் சரி. தொட்டி வெயிலில் இருக்கக் கூடாது. முடிந்ததும் குழாயை நல்ல தண்ணீரால் அலசி விட்டு, மறுபடி குளோரின்.

அந்தக் கடைசி அலசல் முக்கியம். புரோபயாடிக் பொடியில் சர்க்கரை, பால்பொடி மாதிரி தாங்கிப்பொருள் இருக்கும். அது குழாயில் தங்கினால் உள்சுவரில் வழவழப்பான படலம் வளரும். வைட்டமின், கால்சியம் டானிக் எல்லாமே இந்தப் படலத்துக்குச் சாப்பாடுதான். ஈ.கோலிக்கு அது வீடு. பேட்ச்சுக்கும் பேட்ச்சுக்கும் நடுவில் ஷெட் காலியாக இருக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு நிரப்பி, சில மணி நேரம் ஊறவைத்து, அழுத்தத்தோடு வெளியேற்றினேன். வெளியே வந்ததைப் பார்த்த பிறகு எந்தப் பாக்கெட்டையும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வெறும் இந்த வேலையிலேயே அடுத்த பேட்ச்சின் கூளம் எவ்வளவு காய்ந்திருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். தண்ணீரில் ஆர்கானிக் அமிலம் விடுபவர்களுக்கும் இது பொருந்தும்: படலம் இருக்கும் குழாயில் குறைந்த அளவு அமிலம் விட்டால் பூஞ்சையும் ஈஸ்ட்டும் கொழுத்து நிப்பிளை அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது முதல் நாள். தாய்க்கோழியின் கீழே பொரிந்த குஞ்சு அதன் இறகிலும் எச்சத்திலும் கொத்திக் கொத்தி நல்ல பாக்டீரியாவை வாங்கிக்கொள்ளும். ஹேட்சரியில் பொரிந்த குஞ்சு தாயையே பார்ப்பதில்லை. கிட்டத்தட்டக் காலியான குடலோடு பெட்டியில் ஏறி, லாரியில் வந்து, நம் ஷெட்டில் இறங்குகிறது. முதலில் எந்தப் பாக்டீரியா உள்ளே போகிறதோ அது பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல் பிடித்துக்கொள்ளும். பின்லாந்தில் 1970களின் தொடக்கத்தில் கறிக்கோழிகளில் சால்மோனெல்லா பரவியபோது நுர்மி, ரன்டாலா என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வளர்ந்த கோழியின் குடல் பொருளைப் புதிதாகப் பொரிந்த குஞ்சுகளுக்குக் கொடுத்தால் சால்மோனெல்லா தொற்றை அவை எதிர்த்து நிற்பதை 1973இல் வெளியிட்டார்கள். இன்று விற்கும் புரோபயாடிக் பலவற்றுக்கும் பின்னால் இருக்கும் யோசனை அதுதான்.

அதனால் முதல் சில மணி நேரத்துக்கு இருக்கும் மதிப்பு மூன்றாவது வாரத்துக்குக் கிடையாது. ஹேட்சரியிலேயே தெளித்து அனுப்ப முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. முடியாவிட்டால் ஷெட்டில் குஞ்சு குடிக்கும் முதல் தண்ணீரிலேயே கொடுங்கள். ஆனால் குளிரில் ஒடுங்கி நிற்கும் குஞ்சு குடிக்காது, தின்னாது. குஞ்சு இறங்குவதற்கு முன்பே தரை சூடாகியிருக்க வேண்டும். குஞ்சின் உயரத்தில் 32 முதல் 34 டிகிரி. மேலே தொங்கும் தெர்மாமீட்டர் காட்டுவது மனிதனுக்கான வெப்பம். நான் எண்களைவிடக் குஞ்சின் இரைப்பையைத்தான் நம்புகிறேன். இறங்கி 8 மணி நேரத்தில் பத்துக்கு எட்டுக் குஞ்சின் இரைப்பை நிறைந்து, தொட்டால் மெத்தென்று இருக்க வேண்டும். 24 மணி நேரத்தில் நூற்றுக்கு 95. கெட்டியாக இருந்தால் தீவனம் தின்றிருக்கிறது, தண்ணீர் கிடைக்கவில்லை என்று பொருள். இந்தப் பரிசோதனையில் தேறாத பேட்ச்சுக்குப் பிறகு எதை ஊற்றினாலும் பெரிதாகத் தேறியதை நான் பார்த்ததில்லை.

பாக்கெட்டின் மேல் என்ன பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாக்டீரியாவின் பெயர் மட்டும் போதாது, அதற்குப் பின்னால் அந்த வகையின் எண் இருக்க வேண்டும். பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற ஒரே பெயரில் கிளாஸ்ட்ரிடியத்தைக் கொல்வதும் உண்டு, ஒன்றுமே செய்யாததும் உண்டு. கிராமுக்கு எத்தனை உயிருள்ள அணுக்கள் என்ற எண்ணிக்கை, அதுவும் தயாரித்த நாளில் உள்ளதா, காலாவதி நாள் வரை உத்தரவாதமா என்று கேளுங்கள். வழக்கமாகப் பரிந்துரைப்பது ஒரு கிலோ தீவனத்துக்கு 10 கோடி முதல் 100 கோடி அணுக்கள். கிராமுக்கு 100 கோடி உள்ள பொருளில் டன்னுக்கு 100 கிராம் கலந்தால் கிலோவுக்கு 10 கோடி வரும். இந்தக் கணக்கை விற்பவர் முன்னால் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள், சிலர் பேச்சை மாற்றிவிடுவார்கள். பத்துப் பன்னிரண்டு பாக்டீரியாவின் பெயர்களை அடுக்கியிருக்கும் பாக்கெட் மேல் எனக்கு மரியாதை வருவதில்லை.

கேட்க வேண்டிய இன்னும் ஒன்று உண்டு. அந்தப் பாக்டீரியா தானே மருந்து எதிர்ப்பு மரபணுவைச் சுமந்துகொண்டு வரக் கூடாது. ஐரோப்பாவில் அனுமதி தருவதற்கு முன் மரபணு முழுவதையும் படித்துப் பார்க்கிறார்கள். ஆன்டிபயாடிக் எதிர்ப்பைத் தவிர்க்கத்தானே இவ்வளவு பாடு, அதையே பாக்கெட்டில் வாங்கி ஷெட்டுக்குள் விட்டால் என்ன சொல்வது! தீவனத்தில் காக்சிடியா மருந்து இருந்தால் அதோடு இந்த வகை ஒத்துப்போகுமா என்றும் எழுத்தில் வாங்குங்கள். மோனென்சின், சாலினோமைசின் போன்றவை லாக்டிக் வகையைப் பாதிக்கக்கூடும்.

கூளத்தைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். சுருக்கமாகச் சொன்னால், கோழி தீவனத்தோடு கூளத்தையும் தின்கிறது; ஷெட்டின் நுண்ணுயிர்கள் குடலுக்குள் போய் வருவது அந்த வழியில்தான். ஈரம் 20 முதல் 25 சதவீதத்துக்குள் இருக்கட்டும். கையில் அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறந்தால் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். காக்சிடியாவின் முட்டைகள் தொற்றும் நிலைக்கு வர ஈரமும் சூடும் காற்றும் போதும், ஒன்றிரண்டு நாளில் தயாராகிவிடும். ஒழுகும் ஒரு நிப்பிளின் கீழே நடப்பது இதுதான். காக்சிடியா தடுப்பை நான் புரோபயாடிக்கிடம் ஒப்படைக்கவில்லை. அதற்கான மருந்தோ தடுப்பூசியோ தனியாக இருக்கிறது. கிளாஸ்ட்ரிடியத்துக்குக் கதவைத் திறந்துவிடுபவனை விட்டுவிட்டு உள்ளே வந்தவனோடு மல்லுக்கட்டுவதில் பயன் இல்லை.

தீவனத்திலும் ஒரு மாற்றம் செய்தோம். தேவைக்கு மேல் புரதம் வைப்பதைக் குறைத்து, அமினோ அமிலங்களைச் சேர்த்துச் சமன் செய்யச் சொன்னேன். மீன்தூளை நிறுத்தினோம். ரொம்ப மாவாக அரைப்பதையும் விட்டோம்; கொஞ்சம் கரடாக இருந்தால் அரைவைப்பை நன்றாக வேலை செய்யும், அங்கே அமிலத்தில் ஊறும் நேரம் கூடும், செரிக்காமல் கீழே போவது குறையும். இதில் எந்த மாற்றம் எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் செய்தோம்.

இவ்வளவுக்குப் பிறகும் நோய் வரும். வந்தால் புரோபயாடிக்கின் அளவை இரட்டிப்பாக்கிப் பார்ப்போம் என்று நாள் கடத்த வேண்டாம். சாவு திடீரென்று கூடி, வெட்டிப் பார்த்தால் குடல் அழுகியிருந்தால், அது சிகிச்சைக்கான நேரம். டாக்டரை அழைத்து, முடிந்தால் எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று ஆய்வகத்தில் பார்த்து, சொன்ன அளவில் சொன்ன நாட்கள் முழுவதும் கொடுங்கள். விற்பனைக்கு முன் விட வேண்டிய இடைவெளி நாட்களை நோட்டில் எழுதுங்கள். மருந்தில்லாக் கோழி என்ற பெயருக்காக நோயுற்ற கோழியை அப்படியே விடுவதை நான் கொடுமை என்றுதான் சொல்வேன். மருந்து ஓடும் நாட்களில் தண்ணீரில் புரோபயாடிக் கொடுப்பது வீண். முடிந்த மறுநாளே தொடங்குங்கள். மருந்து நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துத் துடைத்திருக்கும், அந்தக் காலியிடத்தில் யார் முதலில் வருகிறார்கள் என்பது மறுபடியும் முதல் நாள் கதைதான்.

பலன் உண்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது? போன பேட்ச்சோடு இந்தப் பேட்ச்சை ஒப்பிடுபவர்கள் ஏமாறுவார்கள். பருவம் மாறியிருக்கும், குஞ்சு வந்த தாய்க்கோழியின் வயது மாறியிருக்கும், தீவனத்தின் சரக்கு மாறியிருக்கும். ஒரே நாளில் இறங்கிய ஒரே குஞ்சை இரண்டு ஷெட்டில் விட்டு, ஒன்றில் கொடுத்து மற்றதில் கொடுக்காமல் பாருங்கள். அடுத்த முறை ஷெட்டை மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நல்ல ஷெட்டின் பெருமையைப் பாக்கெட் தட்டிக்கொண்டு போகும். வாராவாரம் எடை போடும்போது சராசரியை மட்டும் எழுதாமல், எத்தனை கோழி சராசரிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றும் எழுதுங்கள். பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். பாதத்தில் புண் இருந்தால் கூளம் ஈரமாக இருந்திருக்கிறது, கூளம் ஈரமானால் முதலில் நிப்பிளைப் பாருங்கள், அது ஒழுகவில்லை என்றால் குடலைச் சந்தேகப்படுங்கள்.

வித்தியாசம் பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எஃப்.சி.ஆரில் 0.02 குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 2 கிலோ எடையுள்ள 10,000 கோழிக்கு அது 400 கிலோ தீவனம். அந்த 400 கிலோவின் விலை பாக்கெட்டுகளின் மொத்த விலையைவிட அதிகமா என்று பார்த்தால் முடிவு தானே வந்துவிடும்.

என்னிடம் இருக்கும் ஷெட்டுகளில் இப்படி மாற்றி மாற்றிப் பார்த்ததில் ஒரே மாதிரியான விடை வரவில்லை. பழைய, காற்றோட்டம் குறைந்த ஷெட்டில் பேசில்லஸ் கொடுத்தபோது எடையின் சீர்மையும் கூளமும் தெளிவாகத் தேறின; அங்கே கடைசி வரை கொடுக்கிறேன். பிறகு கட்டிய, தரையும் குழாயும் நன்றாக இருக்கும் ஷெட்டில் கொடுத்ததற்கும் கொடுக்காததற்கும் என்னால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த ஷெட்டில் இப்போது குஞ்சு இறங்கும் முதல் சில நாட்களுக்குத் தண்ணீரில் மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். விற்பனைக்காரர் வரும்போதெல்லாம் அதைப் பற்றிக் கேட்டு வருத்தப்படுகிறார்.